மேல்மாடிக் கூரையும் முப்பதாம் திகதியும்

செப்டெம்பர் 15, 1999, புதன்

சிறோக்கோ, மூன்றாவது நாள். ஆபிரிக்கப் பாலைவனத்திலிருந்து கடல் தாண்டி வரும் மணல் காற்றுக்கு சிசிலித் தீவின் இந்த ஊர் வைத்த பெயர். வானம் தேசிக்காய் ஊறுகாய் நிறம். யன்னலை மூடினால் அவியல், திறந்தால் வாய்க்குள் மண். காயப்போட்ட வெள்ளைச் சட்டை செம்மஞ்சளாகிவிட்டது. திரும்பத் தோய்க்க வேண்டும்.

காலை ஏழரை. தேத்தண்ணி கையில். தலைக்கு மேல் ஏதோ சரசரவென்று உருண்டது. பிறகு கீழே பல்லரோச் சந்தையில் ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் எங்கள் கூரை ஓடு ஒன்று, வெங்காயக்காரரின் சிவப்புப் பந்தல் துணியைக் கிழித்துக்கொண்டு, குவியலின் நடுவில் குந்தியிருக்கிறது. ஒருவருக்கும் அடியில்லை. பிள்ளையாரே. வெங்காயக்காரர் அண்ணாந்து பார்த்து, தொப்பியைக் கழற்றி, எனக்குக் காலை வணக்கம் சொன்னார். வெட்கத்தில் உள்ளே ஓடிவிட்டேன்.

அறைத் தோழி மெற்றில்டா கட்டிலில் கிடந்தபடி: “அக்கா, வெங்காயம் வாங்கப் போகேக்கை இனி வேறை கடைதான்.”

(இனி மெ. என்று மட்டும் எழுதுவேன். பெயர் நீளம், பென்சில் கட்டை.)

மாநகரசபைக் கடிதத்தை இன்று நாலாம் தரம் வாசித்தேன். 30ஆம் திகதி வியாழன் காலை பத்து மணிக்கு வீடு பார்க்க ஆள் வரும். குடும்பம் இருக்கத் தக்க வீடு என்று அந்த ஆள் எழுதித் தந்தால்தான், கொழும்பில் காத்திருக்கும் என் கணவரையும் மகள் அபியையும் கூப்பிட குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் அனுமதி. ஐந்து வருடமும் ஒரு மாதமும். நான் வரும்போது அபிக்கு மூன்று வயது.

பதினைந்து நாள் இருக்கிறது. கூரையில் ஒரு ஓடு குறைவு.

16, வியாழன்

குறைவு ஒரு ஓடு அல்ல. பத்து, பதினைந்து இருக்கும்.

விடியவே மழை. மழை என்று சொல்வதற்கில்லை, வானம் சேறு கரைத்து ஊற்றியது. தெருவில் நின்ற கார் எல்லாம் புள்ளி விழுந்த புலி. ஒழுக்கு மூன்று இடத்தில்:

கட்டிலின் கால்மாடு.
அடுப்புக்கு இடது பக்கம்.
என் பிள்ளையார் படத்துக்கும் மெ.வின் மாதா சொரூபத்துக்கும் சரி நடுவில்.

மெ.: “ரெண்டு பேரும் தப்பிட்டினம். நாங்கள்தான் நனையிறம்.”

வியாழன் அரைநாள் லீவு. பின்னேரம் வீட்டுக்காரி தொன்னா நுன்ஸியாவிடம் போனேன். கீழ் மாடியில் இருக்கிறார், சந்தையில் அவித்த உருளைக்கிழங்கு விற்கிறார், அறுபது வயது, குரல் மட்டும் ஆறு பேருக்குப் போதும். அவர் சிசிலியனில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

“அந்தக் கூரை என்ரை பாட்டன் காலத்திலை இருந்து கிடக்கு.”

“ஓம் தொன்னா. அதுதான் கரைச்சல்.”

“மருமகன் மேசன். வசந்தம் வர வருவான்.”

கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடி எடுத்து வந்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

“பிள்ளைக்கு எத்தினை வயசு?”

“எட்டு.”

கொஞ்ச நேரம் உருளைக்கிழங்குத் தோலை உரித்தார். பிறகு, “பின் முற்றத்திலை, இடிஞ்ச வீட்டு ஓடு குவிஞ்சு கிடக்கு. எல்லாம் நல்ல ஓடு. எடுங்கோ. ஆளை நீதான் பாக்கவேணும். விழுந்து செத்தால் என்னட்டை வரக்கூடாது.”

வரமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

17, வெள்ளி

மேசன்மார் மூன்று பேரைக் கேட்டாயிற்று. ஒருவர்: நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு. இரண்டாமவர்: புயல் அடித்ததால் ஊர் முழுக்க அவரைத்தான் கேட்கிறதாம். மூன்றாமவர் படியில் ஏறி வந்து, கூரையைப் பார்த்து, தலையை ஆட்டி, இறங்கிப் போனார்.

இரவுச் சாப்பாட்டின் போது மெ.விடம் சொன்னேன்: “நாங்களே செய்தால் என்ன?”

சிரித்துச் சிரித்து சொதி மூக்கால் வந்தது அவளுக்கு.

நான் சிரிக்கவில்லை. லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்யும் சிஞ்ஞோரா வீட்டுக்கு எதிர்க் கூரை இந்தச் சித்திரையில் திருத்தினார்கள். மூன்று கிழமை. என் குசினி யன்னலுக்கு நேரே. பாத்திரம் கழுவிக்கொண்டு முழுவதையும் பார்த்திருக்கிறேன். பழைய ஓட்டைக் கழற்றும் முறை, ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான சலாகை உக்கினால் மாற்றும் முறை, கீழிருந்து மேலே அடுக்கும் முறை. ஒரு வரிசை மல்லாக்க, தண்ணி ஓடும் பீலி மாதிரி. அடுத்த வரிசை குப்புற, இரண்டு பீலிக்கும் மூடி மாதிரி. மேல் ஓடு கீழ் ஓட்டில் நாலு விரல் ஏறவேண்டும். சாந்து முகட்டிலும் ஓரத்திலும் மட்டும். ஒருநாள் ஒருவர் பிழையாக அடுக்கினார். எனக்கு இங்கிருந்து கத்த வேண்டும்போல் இருந்தது.

இதையெல்லாம் மெ.வுக்குச் சாப்பாட்டுக் கோப்பை அடுக்கிக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

“அக்கா, உங்களுக்கு விசர்தான்,” என்றாள். பிறகு, “எத்தினை பேர் வேணும்?”

தொலைபேசிக் கடையிலிருந்து கொழும்பில் இவரோடு ஏழு நிமிடம்.

“வீடு எப்பிடி?”

“நல்ல காற்றோட்டம்.”

“மழை கிழை?”

“பெய்யிது.”

பொய் ஒன்றும் சொல்லவில்லை. அபி ரிசீவரை வாங்கினாள். “ஹலோ” என்றாள். “சுகமோ பிள்ளை?” “ஓம்.” பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அந்த மூச்சுச் சத்தத்தையும் நான் வைத்திருக்கிறேன்.

18, சனி

காற்று விட்டது. வெயில், ஆனால் மனிதருக்கு ஏற்ற வெயில்.

வேலை முடிந்து நாலு மணிக்கு, கூரைக் கதவால் முதல்முறை கூரையில் ஏறினேன். சிஞ்ஞோராவின் மகனின் பழைய காற்சட்டை. இடுப்பில் கயிறு, புகைக்கூண்டைச் சுற்றி மறு நுனி கீழே. கீழே மெ. கயிற்றைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்கிறாள். ஏறும் வரை கால் நடுங்கியது. ஏறிய பின் நடுக்கம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

எத்தனை கோபுரங்கள். அந்தப் பக்கம் மலை, இந்தப் பக்கம் கடல், கப்பல் ஒன்று. ஆயிரம் கூரையில் ஆயிரம் அன்ரெனா. பக்கத்துக் கூரையில் ஒரு பூனை என்னை அத்துமீறி நுழைந்தவளாகப் பார்த்தது. ஐந்து வருடம் இந்த ஊரின் தரையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், அதையும் துடைத்துக்கொண்டு.

அரை மணி நேரம் சும்மா குந்தியிருந்தேன். மெ. கீழேயிருந்து: “அக்கா, உயிரோடையோ?”

கணக்கெடுத்தது:
உடைந்த ஓடு 60 அளவில்.
உக்கிய சலாகை 7.
கைமரம் நல்லது. தட்டிப் பார்த்தேன், மணிச் சத்தம்.
முகட்டுச் சாந்து முழுக்க வெடிப்பு.

தேவை: சலாகை, ஆணி, சுண்ணாம்பு, மண், வாளி 4, நீளக் கயிறு, தறப்பாள், ஆட்கள்.

ஆட்களுக்கு மெ. பொறுப்பு. சியாகுல்லியில் மந்தரீன் தோட்டத்தில் வேலை செய்யும் பாலன் அண்ணைக்கு நான் சொல்லி அனுப்பினேன். மரமேறிப் பழகினவர், தோட்டத்து நீள ஏணியும் கொண்டுவருவார்.

19, ஞாயிறு

கை இரண்டும் எரிகிறது. ஆனாலும் எழுதவேண்டும். இப்படி ஒரு நாள் எழுதாமல் போனால் பாவம்.

ஏழு மணிக்கு பாலன் அண்ணை ஏணியோடு. பேருந்தில் ஏற்ற விடவில்லையாம், தோள்மேல் வைத்து நடந்தே வந்திருக்கிறார், இரண்டு மணி நேரம். ஏழரைக்கு மெ.வின் கோவில் பாட்டுக்குழுவிலிருந்து ஐந்து பேர், எல்லாரும் மன்னார். காலைப் பூசைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். “மாலைப் பூசை இருக்குது அக்கா. சாமியார்தான் போகச் சொன்னவர்.”

பின் முற்றத்திலிருந்து நாலாம் மாடி வரை படிக்கு ஒருவராக நின்று ஓடு கை மாற்றினோம். ஆள் போதவில்லை. முதல் மாடிப் படியில் தொன்னா நுன்ஸியா தானாகவே வந்து நின்றார். கீழே முற்றத்தில் யார் என்று பார்த்தால் வெங்காயக்காரர். பெயர் பெப்பே. “என் தலையில் விழுவதற்கு முன் நானே மேலே அனுப்புகிறேன்,” என்றாராம்.

பாட்டுக்குழு சும்மா இருக்குமா. கோவில் பாட்டில் தொடங்கி, அம்மன் கோவில் காவடிப் பாட்டுக்கு வந்து, பெப்பே கீழிருந்து அவருடைய பாட்டு ஒன்றை எடுக்க, ஓடு அந்தத் தாளத்துக்கு வந்தது. நான் மேலே ஒவ்வொன்றாக வாங்கினேன். பழைய ஓட்டின் முதுகில் விரல் தடம். ஈரமாக இருக்கும்போது யாரோ கையால் வழித்தது. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். அந்த ஆளின் கை என்னுடையதை விடச் சிறியது. பெண்ணாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டேன்.

பத்து மணிக்கு மேல் ஓடு தொடமுடியாத சூடு. பாலன் அண்ணை சாக்கை நனைத்து முழங்காலின் கீழ் போட்டுத் தந்தார். பன்னிரண்டு மணிக்குப் பழைய ஓடு பாதிக் கூரைக்குக் கழற்றியாயிற்று, சலாகை ஐந்து அடித்தாயிற்று. வானம் திறந்த வீட்டில் நின்று மெ. சோறு வடித்தாள்.

இரண்டு மணிக்கு மலைப்பக்கம் கறுத்தது.

பாலன் அண்ணை மூக்கை உயர்த்தி, “மலர், அரை மணித்தியாலந்தான் இருக்கு.”

எங்களிடம் இருந்தது ஒரு தறப்பாள். கட்டிலை மூடலாம், வீட்டை மூட முடியாது. நனைந்தால் கீழ் மாடிச் சுவரும் போகும், தொன்னாவின் வீடும் போகும், முப்பதாம் திகதியும் போகும். என் பேச்சை நம்பிக் கழற்றியது. ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அது இன்னும் கூடச் சுட்டது.

அப்போதுதான் தொன்னா நுன்ஸியா யன்னலுக்குப் போய், இடுப்பில் கை வைத்து, சந்தையைப் பார்த்து அழைத்தார். அந்தக் குரலை என்னால் எழுத முடியாது. ஞாயிறு, கடைகள் மூடும் நேரம். மீன்காரர், பழக்காரர், ஒலிவ் விற்கிற கிழவி, எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு பல்லரோவின் சிவப்புப் பந்தல்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின.

மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார்கள். பெப்பேயின் பந்தலில் எங்கள் ஓடு கிழித்த ஓட்டை அப்படியே இருந்தது. அதை மடிப்புக்குள் மறைத்து விரித்தோம். ஒன்றின் மேல் ஒன்று, ஓட்டைப் போலவே, கீழிருந்து மேலே. ஒன்பது பந்தல். பாலன் அண்ணையும் நானும் குப்புறப் படுத்து ஓரம் கட்டினோம். கடைசி முடிச்சுப் போடும்போது முதல் துளி என் பிடரியில்.

கொட்டியது. இடி. கல் கல்லாக ஆலங்கட்டி.

உள்ளே பதினான்கு பேர். துணி வழியாக வந்த வெளிச்சத்தில் அறை முழுக்கச் சிவப்பு. சோறு சிவப்பு, பருப்பு சிவப்பு, பாலன் அண்ணையின் நரை சிவப்பு. மீன்காரர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “தக்காளிக்குள் இருக்கிற மாதிரி,” என்றார். ஒரு சொட்டு விழவில்லை. ஒலிவ் கிழவி பருப்பை விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, இரண்டாம் தரம் கோப்பையை நீட்டினார். பாட்டுக்குழு திரும்பத் தொடங்கியது. இடிக்கும் பாட்டுக்கும் போட்டி.

நான் ஒரு மூலையில் நின்று அழுதேன். சிவப்பு வெளிச்சத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. மெ.வுக்குத் தெரிந்தது. தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள்.

20, திங்கள்

வெயில். விடியவே பந்தல்களைக் கழற்றி, அலசி, மடித்துக் கொடுத்தோம். பெப்பேயின் கிழிசலை மெ. தைத்துவிட்டாள், சிலுவைத் தையல், அழகாக.

சிஞ்ஞோரா என் கையைப் பார்த்துவிட்டார். ஒளிக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

“உனக்குப் பைத்தியமா மலர்?”

“எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள் சிஞ்ஞோரா.”

எழுந்து அலுமாரிக்குப் போனார். இறந்துபோன கணவரின் தோல் கையுறை. அவர் கார் ஓட்டப் போட்டதாம். எனக்குப் பெரிது, விரல் நுனியில் பஞ்சு அடைத்தேன். இந்தக் கிழமை ஒன்பதுக்குப் பதில் பத்துக்கு வந்தால் போதும் என்றார். ஐந்து வருடத்தில் கேட்காமல் கிடைத்த முதல் ஒரு மணித்தியாலம்.

21, செவ்வாய்

ஆறரைக்கு வெளிச்சம். ஆறு முப்பத்தைந்துக்குக் கூரையில். மல்லாக்க ஒன்று, குப்புற ஒன்று. 3 வரிசை. மெ. ஓடு எடுத்துத் தருகிறாள், அடுக்கப் பழகுகிறாள். அவளுடைய வரிசை பாம்பு போகிற மாதிரி. சொன்னால், “தண்ணிக்குக் கண்ணோ இருக்குது?”

பேருந்தில் நித்திரை. இரண்டு தரிப்பு தாண்டிப் போய்விட்டேன்.

22, புதன்

4 வரிசை. கத்தரிக்காய்க் குழம்பு, உப்புக் கூடிவிட்டது.

மெ.விடம் கேட்க வேண்டியதை இன்று கேட்டேன். அபியும் இவரும் வந்தால் இந்த அறையில் அவளுக்கு இடமில்லை. கீழே தொன்னாவின் பின் அறைக்குப் போகிறாள். தான் இருக்கப்போகாத கூரைக்கு ஏன் இப்படி முறிகிறாள்?

ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கும் நாளைக்கு ஒருத்தன் வருவான். அப்ப நீங்கள் வந்து ஓடு அடுக்கவேணும். இது சீட்டுப் பிடிக்கிற மாதிரி அக்கா.” பிறகு, “அதோடை, எனக்கு மேலை இனி ஒரு மாடி இருக்குது. ஒழுகினாலும் முதல்லை நீங்கள்தான் நனைவியள்.”

23, வியாழன்

அரைநாள். பாலன் அண்ணை வந்தார். முகட்டு ஓடு, சாந்து. நான் தாச்சியில் குழைத்தேன், அவர் பூசினார். ஐந்தேகாலுக்குக் கடைசி ஓடு. யார் வைப்பது என்று ஒரு சண்டை. நான், பாலன் அண்ணை, மெ., கூரைக் கதவால் தலையை நீட்டிய தொன்னா, நாலு பேரும் ஆளுக்கொரு விரல் வைத்து இறக்கினோம். கோணலாகப் போயிற்று. நான் பிறகு திருப்பி எடுத்து நேராக வைத்தேன். அவர்களுக்குச் சொல்லவில்லை.

26, ஞாயிறு

மூன்று நாளாகத் துளி மழையில்லை. சோதிக்காமல் எப்படி நம்புவது? மெ. வாளி வாளியாக முகட்டிலிருந்து ஊற்றினாள். நான் கீழே படுத்துக் கூரையைப் பார்த்தேன். பத்தாவது வாளியில் அடுப்புப் பக்கம் ஒரு பொட்டு. ஏறிப் பார்த்தால் ஒரு ஓட்டில் மயிர் வெடிப்பு. மாற்றினோம். பதினோராவது வாளி: இல்லை. பன்னிரண்டாவது: இல்லை. பதின்மூன்றாவது வாளி ஓரம் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. கீழே பெப்பே. நனைந்த தொப்பியை மறுபடி கழற்றி வணக்கம் சொன்னார்.

30, வியாழன்

முதலில் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். பிறகு கூத்தாடலாம்.

எட்டு மணிக்கு மழை பிடித்தது. நல்ல மழை. சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது. வீடு துடைத்தேன். திரும்பத் துடைத்தேன். கூரைக்குக் கீழே நேராக ஒரு கதிரை போட்டேன், அவர் அதில் இருந்து மேலே பார்க்கட்டும் என்று. மெ. லீவு எடுத்து நின்றாள். தொன்னா நுன்ஸியா ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் வந்து நின்றார்.

பத்தே காலுக்கு ஆள். நாற்பது வயது, மெலிவு, தடிமன் பிடித்த மூக்கு. குடையில்லை. வந்ததும் பையைத் திறந்து அளவு நாடா எடுத்து, ஒரு நுனியை என் கையில் தந்தார். “அந்தச் சுவருக்குப் போங்கள்.” போனேன். எழுதினார். குறுக்கே. எழுதினார். யன்னல். எழுதினார். கக்கூஸ் கதவைத் திறந்து மூடினார். எழுதினார். எத்தனை பேர் இருப்பீர்கள்? மூன்று. எழுதினார். நாடாவைச் சுருட்டினார்.

“சரி. முடிந்தது.”

நான் மெ.வைப் பார்த்தேன். மெ. தொன்னாவைப் பார்த்தாள். இந்த மனிதர் வந்ததிலிருந்து ஒருதரமும் தலையைத் தூக்கவில்லை.

“சிஞ்ஞோர்,” என்றேன், “மேலே பாருங்கள்.”

“எங்கே?”

“மேலே. கூரை.”

மரியாதைக்கு அண்ணாந்தார். மழை அடித்து ஊற்றுகிறது. சலாகைகள் புது மஞ்சளாக, நேராக, உலர்ந்து.

“ஓ,” என்றார். “ஆனால் சிஞ்ஞோரா, இந்தப் படிவத்தில் கூரைக்குக் கட்டமில்லை.”

மெ. குசினிக்குள் ஓடிவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று இங்கிருந்து தெரியவில்லை. தொன்னா நுன்ஸியாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “கட்டமில்லையோ? ஒரு கட்டம் கீறு. இந்தப் பிள்ளை கூரையிலை ஏறி ஒவ்வொரு ஓடா வச்சவள். இந்தப் பல்லரோ முழுக்கச் சாட்சி. ஏழு நாள் பாடுபட்ட அவளின்ரை கையைப் பார்.”

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு மறுபடி, இந்த முறை மரியாதைக்கு அல்ல, கூரையைப் பார்த்தார். மழை விடும்வரை இருந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்தார். அம்மாவின் வீட்டில் மூன்று வருடமாக ஒழுகுகிறதாம். ஒரு மேசனும் வருவதில்லையாம். போகும்போது படிவத்தின் அடியில், வெறும் இடத்தில், ஏதோ எழுதிக் காட்டினார். “கூரை: மிக நன்று.” கையெழுத்து. முத்திரை.

மெ.: “அக்கா, அவரின்ரை அம்மாவின்ரை விலாசம் வாங்கி வச்சிருக்கிறன்.”

டிசம்பர் 4, சனி

நடுவில் எழுதவில்லை. அனுமதி, விசா, ரிக்கெற். எல்லாம் சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசையில் நின்றேன், அவ்வளவுதான்.

இன்று வந்துவிட்டார்கள்.

இவர் நன்றாக மெலிந்துவிட்டார். காதுக்கு மேல் வெள்ளை. முன்பு தபால் கந்தோர் வேலைக்குப் போன அதே நடை. அபி என் தோளுக்கு வருகிறாள். கையில் ஒரு மஞ்சள் பை. நான் கட்டிப்பிடித்தேன், பிடிக்க விட்டாள், அவ்வளவுதான். பேருந்தில் அப்பாவின் மற்றப் பக்கம் போய் இருந்துகொண்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் இவர், “இந்தக் கதிரையிலை இருக்கலாமோ?” என்று கேட்டார். இருங்கோ என்றேன். எனக்கு என்னவோ செய்தது. ஐந்து வருடம் ஒரே கட்டிலைக் கனவு கண்டவர்கள், இப்போது கலியாணம் பேச வந்த வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறோம்.

மெ. மீன் குழம்பு கொண்டுவந்து, இவரை “அத்தான்” என்று கூப்பிட்டு, அபிக்குப் பேன் பார்த்து, பத்து நிமிடத்தில் வீட்டை வீடாக்கிவிட்டுக் கீழே போனாள். அபி என்னை இன்னும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய இடம் வந்தால் அப்பாவிடம் சொல்கிறாள்: “தண்ணி வேணுமெண்டு சொல்லுங்கோ.”

இருக்கட்டும். அவள் இங்கே இருக்கிறாள்.

5, ஞாயிறு

வெயில், குளிரில்லை. மார்கழி என்று நம்ப முடியாது. நேற்றைய காற்றுக்கு ஏதும் அசைந்ததா என்று பார்க்கக் காலையில் ஏறப் போனேன். ஏணியை வைத்துக் கயிற்றை எடுக்க, இவர் பின்னால்.

“எங்கை போறீர்?”

“மேலை. ஓடு பாக்க.”

“நீரோ?”

“ஓம். வாறியளோ?”

அவர் இடுப்பில் நானே கயிறு கட்டினேன். முதல் முறை நான் நடுங்கியதைவிடக் கூட நடுங்கினார். கையைப் பிடித்து மேலே எடுத்தேன். இரண்டு பேரும் முகட்டோரம் குந்தினோம். மலையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு ஓட்டைப் பார்த்தார்.

“ஆர் செய்தது?”

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். சித்திரை மாதத்துக் குசினி யன்னலிலிருந்து. முடிந்ததும் ஒரு வரிசையை விரலால் தடவிக்கொண்டே போனார், கந்தோரில் கடிதக் கட்டை எண்ணுகிற மாதிரி.

“ரெலிபோனிலை காற்றோட்டமெண்டு சொன்னீர்.”

“பொய்யோ?”

வாய் கொஞ்சம் கோணியது. “இந்த வரிசை வளைஞ்சிருக்கு.”

“அது மெற்றில்டாவின்ரை.”

கீழே எங்கோ யன்னலிலிருந்து: “எனக்குக் கேக்குது அத்தான்.”

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கிறது. கொழும்பிலும், அதற்கு முன் வன்னிச் சண்டையிலும் யாரும் அதைத் தொடவில்லை. நானும் சிரித்தேன். கயிறு இரண்டும் சிக்கிக்கொண்டது, எடுக்கக் கொஞ்ச நேரம். அவசரப்படவில்லை.

கூரைக் கதவில் ஒரு தலை. அபி. ஏணியின் கடைசிப் படியில் நின்று, கண் மட்டும் ஓட்டுக்கு மேலே.

“இதெல்லாம் நீங்களோ செய்தது?” என்னைத்தான் கேட்டாள். நேராக.

“ஓம்.”

“அப்பா சொன்னவர், நீங்கள் வீடு துடைக்கிற வேலை எண்டு.”

“அதுவுந்தான்.”

ஓட்டின் முதுகில் இருந்த விரல் தடத்தில் தன் விரலை வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

“மேலை வாறியோ?”

“கயிறு?”

என் இடுப்புக் கயிற்றைக் கழற்றி அவளுக்குக் கட்டினேன். வந்தாள்.